பசிக்காத பிள்ளைக்குப் பால்

நான் குறிஞ்சிப்பாடிக்காரி. வடலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாதப் பூசத்துக்குத் தாத்தா அரிசி மூட்டையோடு கிளம்பிவிடுவார். அத்தைகள் அங்கே போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். பசித்து வந்தவரிடம் சாதியும் கேட்காதே, ஊரும் கேட்காதே, முதலில் இலையைப் போடு. எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மதம் இவ்வளவுதான்.

அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குச் சென்னையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியன் வேலை அமைந்தது. எந்தக் குழந்தைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்தக் குழாய் வழியாக என்று தினமும் எழுதிவைக்கிறேன். சில நாள் “இன்று வாய்வழி, குழாய்வழி எதுவும் வேண்டாம்” என்று எழுத வேண்டியிருக்கும். பசி தீர்ப்பதே பேரறம் என்று கேட்டு வளர்ந்த ஒருத்தியின் கையால் எழுதத் தகுந்த வாக்கியமா இது என்ற கேள்வி வெகுகாலமாக என்னோடு இருக்கிறது.

அந்தப் பிரிவுக்குள் அநேகமாக யாருக்கும் பசிப்பதில்லை. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் ஆயாக்கள் என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பது இதைத்தான்: “ஏம்மா, புள்ளைக்குப் பசிக்காதா?” விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்திருப்பார்கள். பசிக்காது ஆயா என்று உண்மையைத்தான் சொல்வேன். கடும் தொற்றின்போது உடலில் பெருகும் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்கள் மூளையில் பசியை அடக்கிவிடுகின்றன. காய்ச்சல்காரக் குழந்தை தட்டைத் தள்ளிவிடுவதும் அதனால்தான். போதாததற்கு, மூச்சுக்கருவியை எதிர்த்துப் போராடாமலிருக்க மயக்க மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். ஆயா பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கு அது ஆறுதல்.

எனக்கு அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ படித்தவர்களுக்குத் தெரியும், பசி வந்தவனுடைய உடலில் என்னென்ன நேர்கிறது என்று வள்ளலார் ஒரு மருத்துவருடைய கண்ணோடு உறுப்பு உறுப்பாக எழுதிக்கொண்டே போவார். அறிவு மங்குவதும் கண் குழிவதும் நாக்கு வறள்வதும் வாசிப்பவர் உடம்பிலேயே தெரியும். அவருடைய அறம் முழுவதும் அந்தப் பசியின்மேல் நிற்கிறது. ஓர் உயிருக்குப் பசிக்கிறது. இன்னோர் உயிர் அதைக் கண்டு உருகுகிறது. சோறு நடுவில் வருகிறது. எட்டாம் படுக்கையில் டெங்கு அதிர்ச்சியோடு கிடக்கும் நான்கு வயதுப் பையனிடம் அந்த முதல் கண்ணியே அறுந்துபோயிருக்கிறது. அவன் அழவில்லை, கேட்கவில்லை, கண் திறக்கவில்லை. ஆனால் அவன் உடல் உள்ளே தன்னையே தின்றுகொண்டிருக்கிறது.

இது மிகையாகச் சொல்வதல்ல. எலும்பு முறிந்து கிடந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் ஏராளமாக வெளியேறுவதை டேவிட் கத்பர்ட்சன் என்பவர் கிளாஸ்கோவில் கவனித்தார். அடிபட்ட உடல் முதலில் வற்றிப்போய், பிறகு வெள்ளமாகப் பெருகுவதுபோல எரியத் தொடங்குகிறது என்று 1942இல் எழுதினார். அந்த எரிப்புக்கு விறகு, தசை. தொடைத் தசை, கைத் தசை, மூச்சை இழுக்கும் உதரவிதானமும் சேர்த்து. பெரியவர்களுக்குக் கொஞ்சம் சேமிப்பு உண்டு. குழந்தைக்கு அதுவும் சொற்பம். ஒரு வாரம் போனால் போர்வையை விலக்கும்போதே தெரிந்துவிடும்.

ஆகவே பசி என்னும் அழைப்பு வராத இடத்தில் கருணை எதைக் கேட்டுப் புறப்படுவது? நான் கண்ட விடை, பலருக்கு வறட்சியாகத் தோன்றக்கூடியது. அளவு நாடா. எடை இயந்திரம். புயத்தின் நடுச் சுற்றளவைப் பார்க்கும் அந்தச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டையில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் கடுமையான ஊட்டக்குறைவு. கிலோவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.5 கிராம் புரதம். பத்துக் கிலோப் பிள்ளைக்குப் பதினைந்து கிராம். குடல் வேலை செய்தால், சேர்ந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குழாய்வழி உணவைத் தொடங்கிவிட வேண்டும், முதல் வாரம் முடிவதற்குள் தேவையான சக்தியில் மூன்றில் இரண்டு பங்கையாவது எட்ட வேண்டும் என்று அமெரிக்கத் தீவிர சிகிச்சை, ஊட்டச்சத்து மருத்துவச் சங்கங்கள் 2017இல் வழிகாட்டின. இந்த எண்களை எழுதும்போதெல்லாம் நான் அந்தப் பையனின் வாயாக இருந்து கேட்கிறேன் என்றே நினைத்துக்கொள்வேன். பேச முடிந்தவனின் பசியைக் காதால் கேட்கலாம். பேச முடியாதவனின் தேவையைக் கணக்குப் போட்டுத்தான் கேட்க முடியும்.

அப்படிக் கேட்ட பிறகும் கொடுக்கும் அளவு பார்ப்பவர்களைப் பதறவைக்கும். மூக்கிலிருந்து காதுமடலுக்கும், அங்கிருந்து மார்புக்குழிக்கும் தொப்புளுக்கும் நடுவே வரைக்கும் அளந்து, சிஸ்டர் ரைல்ஸ் டியூபை இறக்குவார். உறிஞ்சிய நீரைக் காகிதத்தில் தொட்டு அமிலம்தானா என்று உறுதி செய்வார். பிறகு பம்பில் மணிக்கு ஐந்து மில்லி. பால். ஒரு பாட்டி கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, “ஒரு பாலாடைகூட இல்லையேம்மா, இது எந்த மூலைக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சொட்டுகள் வயிறு நிறைப்பதற்காக முதலில் போவதில்லை. உணவே வராத குடலின் உட்சுவர் மெலிந்துவிடும். அதன் காவல் தளரும். குடலை விழித்திருக்க வைக்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம், தாங்குகிறதா என்று பார்த்துக் கூட்டல். ரத்த அழுத்தத்தை மருந்தால் தூக்கிப் பிடித்திருக்கும் குழந்தைக்குக் குடலுக்குப் போகும் ரத்தமே குறைந்திருக்கும். அந்நிலையில் உணவை அள்ளிக் கொட்டினால் குடல் அழுகவும் கூடும்.

கையில் ஏறும் குளுக்கோஸ் பாட்டிலைச் சாப்பாடு என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். “அதான் பாட்டில் ஏறுதே” என்பார்கள். ஐந்து சதவீத பாட்டில் ஒன்று, 500 மில்லி, அதில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடத் தேறாது. புரதம் துளியும் இல்லை.

முழு உணவையும் ரத்தக் குழாய் வழியாகவே கொடுக்கலாம் என்று காட்டியவர்கள் பிலடெல்பியாவின் டக்ளஸ் வில்மோரும் ஸ்டான்லி டட்ரிக்கும். குடல் பயன்படாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை சிரைவழி உணவில் மட்டுமே வளர்ந்ததை 1968இல் வெளியிட்டார்கள். வாயும் வயிறும் இல்லாமலே சோறு போட முடிந்துவிட்டது! மனிதக் கருணை செய்த பெரிய காரியங்களில் ஒன்று என்று அதை இப்போதும் மதிக்கிறேன். அதற்குப் பின் வந்த தலைமுறை மருத்துவர்கள், குழாய்வழி போதவில்லையென்றால் முதல் நாளிலிருந்தே சிரைவழியாக ஈடுகட்டினார்கள். பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது என்ற அதே உந்துதல்தான்.

பெல்ஜியத்தின் லூவன், நெதர்லாந்தின் ராட்டர்டாம், கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களில் 1,440 குழந்தைகளை வைத்து அந்த உந்துதலைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் சிரைவழி உணவு. மறுபாதிக்கு ஒரு வாரம் அதை நிறுத்திவைத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. உடனே கொடுத்த குழந்தைகளில் 18.5 சதவீதத்தினருக்குப் புதுத் தொற்று, காத்திருந்தவர்களில் 10.7 சதவீதம். காத்திருந்தவர்கள் தீவிர சிகிச்சையிலிருந்து சீக்கிரமாகவும் வெளியே வந்தார்கள். உடல் தன் செல்களுக்குள் சேர்ந்த சிதைவைத் தானே தின்று துப்புரவு செய்துகொள்ளும் வேலையை அந்த உணவு தடுத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்தத் துப்புரவு வேலை எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு அதே 2016இல் நோபல் கிடைத்தது.

இதைக் கேட்டதும் “லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே பெரிய மருந்துன்னு நம்ம முன்னோர் அப்பவே சொன்னாங்க” என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அவர்களோடு என்னால் சேர முடியாது. அந்த ஆய்வில் எந்தக் குழந்தையையும் பட்டினி போடவில்லை. குடல் தாங்கிய அளவுக்கு இரு பாதிக்கும் குழாய்வழி உணவு போய்க்கொண்டே இருந்தது. வைட்டமினும் தாது நுண்சத்துகளும் எல்லாருக்கும் சிரைவழியே கிடைத்தன. நிறுத்திவைத்தது, உடல் கேட்காத நேரத்தில் அதற்குள் திணித்த ஒன்றை. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்து சேரும் நம் ஊர்க் குழந்தைக்கு ஐரோப்பியக் குழந்தையின் காத்திருப்பை அப்படியே பொருத்துவதும் தவறு. ஆனாலும் அந்த எண்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடுப்பது நல்லது, கூடுதலாகக் கொடுப்பது கூடுதல் நல்லது என்று வடலூர்ப் பந்தியில் உட்கார்ந்து நான் நம்பிய ஒன்று அன்றைக்கு ஆடிப்போனது.

மெலிந்த குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக மாவுச்சத்து போனால் இன்சுலின் பொங்கும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்துவிடும். இதயம் தடுமாறும், நிற்கவும் செய்யும். காய்ந்து வெடித்த வயலுக்கு மதகை முழுசாகத் திறந்தால் வரப்பு உடைத்துக்கொண்டு போவதுபோல. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் கடும் ஊட்டக்குறைவுக்கு வகுத்த முறையில் முதல் சில நாட்களுக்கு எஃப்-75 என்னும் பால் கலவை. நூறு மில்லிக்கு 75 கலோரி மட்டும், இரண்டு மூன்று மணிக்கொரு முறை, சிறுகச் சிறுக. எடை கூட்டுவது அப்போதைய குறியே கிடையாது. உடல் தன் உப்புகளைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் எஃப்-100க்குப் போக வேண்டும்.

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தபோது, எலும்புக்கூடுகளாக நின்றவர்களுக்குப் படைவீரர்கள் தங்கள் டப்பா உணவையே எடுத்துக் கொடுத்தார்கள். இறைச்சியும் கொழுப்பும். விடுதலைக்குப் பிறகும் அங்கே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். டைபஸும் அதுவரை கிடந்த பட்டினியும்தான் பெரும்பாலோரைக் கொன்றன. அந்த உணவைத் தாங்க முடியாமல் இறந்தவர்களும் உண்டு. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட ஓர் இனிப்புக் கலவையை அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தித்திப்பைப் பலரால் விழுங்கவே முடியவில்லை. அந்தப் படைவீரனுடைய கையில் பாவம் உண்டா? இல்லை என்றுதான் சொல்வேன். அவன் நெஞ்சில் வள்ளலாருடைய உருக்கமே இருந்தது. ஆனால் உருக்கம் மட்டும் இருந்தால் போதும், அறம் நிறைவேறிவிடும் என்று அவனைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. வாங்குகிறவனுடைய உடல் என்ன சொல்கிறது என்று கேட்காத கொடை பாதிதான். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைத் திறந்தால் பெரும்பகுதி உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியே இருப்பது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வள்ளலாரும் நித்திய கரும விதியில் மிதமாக உண்ணச் சொல்கிறார். அணையா அடுப்பை மூட்டியவருக்கு அளவும் தெரிந்திருந்தது.

இனி வெளியே, பெஞ்சுக்கு வருகிறேன். உள்ளே குழந்தை சாப்பிடவில்லை என்பதால் வெளியே தாய் சாப்பிட மாட்டாள். இது சட்டம் போல. வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம், மேல்மருவத்தூருக்கு நேர்ச்சை, பிள்ளை பிழைத்தால் மண்சோறு சாப்பிடுகிறேன் என்ற வேண்டுதல். படித்தவர்கள் இதை மூடத்தனம் என்று ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வரும். ஊட்ட முடியாமல் போன ஒரு தாய்க்கு, கவளம் உருட்டிய அந்தக் கைக்கு, வேறு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? தன் வயிற்றைப் பிள்ளையின் வயிற்றோடு சேர்த்து நிறுத்திக்கொள்கிறாள். அது பிரார்த்தனையிலேயே மூத்த வகை.

கைக்குழந்தையின் தாயிடம் மட்டும் நான் குறுக்கே நிற்பேன். மூன்று மணிக்கொரு முறை அவள் பீய்ச்சித் தரும் பால்தான் அந்த ஐந்து மில்லி. முதல் ஆறு மாதத்துக்குப் பாலூட்டுகிறவளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒருமுறை செய்யாற்றுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தாள். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சில் வாணியம்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா, தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், அவள் பக்கம் திரும்பினார். “எங்கள்ல பால் குடுக்கிறவ ரமலான் நோன்பையே தள்ளி வச்சுக்கலாம்மா. பின்னாடி களா புடிச்சுக்கலாம். உன் சாமி மட்டும் ஒத்துக்காதா? புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போய்க் கடனைக் கட்டு.” அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஒத்திப்போடவும் தெரிந்ததுதான் நோன்பு என்பதை அந்த அம்மாவிடம்தான் நான் கற்றேன். அதற்குப் பிறகு பல தாய்மாரிடம் இதையே சொல்லியிருக்கிறேன்.

பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்ட குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயிறு உப்பி, கொடுத்த பால் திரும்பி வந்து, குடல் ஓய்ந்துபோன நிலையில் நாங்கள் உணவை நிறுத்துவோம். அந்நிலையில் உணவு வலியைக் கூட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது. அப்படி ஒரு பெண் குழந்தை போன பிறகு அவள் அப்பா என் மேசைக்கு வந்து நின்று கேட்டார்: “மேடம், நாங்க பட்டினி போட்டு அனுப்பிட்டமா?”

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் ஒரு விடை உண்டு. உணவை நிறுத்தியதால் அவள் இறக்கவில்லை. இறந்துகொண்டிருந்ததால் உடல் உணவை நிறுத்தியது. அதைத்தான் சொன்னேன், அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது காரணகாரியம் பற்றி மட்டுமல்ல. சோற்றுக்கும் உறவுக்கும் நடுவே ஓடும் ஏதோ ஒன்று அறுந்துபோனதா என்று கேட்டார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நினைவற்றுக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்குக்கு உணவை நிறுத்த வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. அவருடன் பணியாற்றியவர்களும் அவர்களுக்குப் பின் வந்த செவிலியர்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், 2015இல் அவர் இறக்கும்வரை, உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்த மாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு அந்த உணவு சிகிச்சையாகத் தெரியவில்லை. அருணா தங்களில் ஒருத்தி என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன், அருணாவின் உடல் அதை ஏற்றது என்பதால். அந்த அப்பாவின் மகள் உடல் ஏற்கவில்லை.

எங்கள் பிரிவில் நாகர்கோவில்காரச் சிஸ்டர் ஒருவர் உண்டு. யவீருவின் மகளை எழுப்பிய இயேசு அடுத்ததாக அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றுதான் சொன்னார் என்று நினைவுபடுத்துவார். “எழுந்திருச்ச பிறகுதான் மேடம் சாப்பாடு. எழுந்திருக்காத பிள்ளைக்குச் சாப்பாடு பற்றி அவர் ஒண்ணும் சொல்லல” என்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஊரில் போகிற உயிரின் உதட்டில் பால் விடுவார்கள். அதில் கலோரி பார்ப்பவர் யாரும் இல்லை. குறைமாதக் குழந்தைகளின் கன்னத்துக்குள் தாயின் சீம்பாலைத் துளித்துளியாகத் தடவுவது இப்போது மருத்துவ முறையாகவே இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 0.1 மில்லி. விழுங்க வேண்டாம், புரையேறாது. அதையே, போகப்போகிற கைக்குழந்தைக்குத் தாயின் கையால் செய்யவிட்டால் என்ன என்று எங்கள் கூட்டங்களில் கேட்டேன். வீண் நம்பிக்கை கொடுக்கும் என்றார் ஒரு மருத்துவர். தொற்று பற்றிக் கவலைப்பட்டார் இன்னொருவர். பஞ்சுக்குச்சியில் நனைத்த தன் பாலைத் தன் பிள்ளையின் உதட்டில் தடவும் பெண், அந்த நேரத்தில் எந்த நம்பிக்கையோடும் இருப்பதில்லை. அவள் தாயாக இருக்கிறாள், அவ்வளவுதான். தருமசாலையில் யார் என்று கேட்காமல் இலை போட்டார்களே, அதே வரிசையில்தான் இதையும் வைக்கிறேன். பிழைப்பாயா என்று கேட்காமல் கொடுப்பது.

இதற்கு ஒரு மில்லி பால்கூட வேண்டாம், புதுக் கருவி எதுவும் வேண்டாம். பார்வை நேரம் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்ற விதியைத் தளர்த்தி, அந்தத் தாயை இரவிலும் படுக்கையருகே உட்கார விட வேண்டும். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.